மைக் இல்லாமல் வாசித்த மாலை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், எங்கள் நகரின் வில்லரே பகுதியில் ஒரு தேவாலயத்தில் முதன்முதலாகத் தனியாக லூட் வாசித்தேன். பழைய ஐரோப்பிய இசைக்கான அந்த நரம்பு வாத்தியத்தின் ஒலி மிக மெல்லியது. ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் வேலை முடித்து ஓடிவந்து பின்வரிசையில் இருந்த அக்காவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

இடைவேளையில், "உனக்கொரு மைக் தரமாட்டினமோ?" என்றாள்.

"மைக் வைச்சால் இந்தச் சத்தம் கெட்டுப்போகும், அக்கா."

ஏற்பாட்டாளரும் மைக்கை நீட்டினார். மறுத்துவிட்டு, என் நாற்காலியை மேடையிலிருந்து இறக்கி நடுவில் போட்டேன். எல்லோரையும் கிட்ட வரச் சொன்னேன். நாற்காலிகள் இழுபட்ட சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். சத்தம் கூட்டவென்று நரம்புகளை அழுத்தி வாசிக்கவில்லை.

திரும்பும் வழியில் மெட்ரோவில் அக்கா சொன்னாள்: "கிட்ட வந்தாப் பிறகு எல்லாம் கேட்டுது. ரெண்டு இடத்திலை தடக்குப்பட்டனி, என்ன?"

"ஓம்."

மறுநாள் விடியவே தவறிப்போன அந்த இரண்டு இடங்களையும் பழகத் தொடங்கினேன்.