‘மீண்டும் மீண்டும் வருக’ என்று அச்சடித்த பை

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் சேர்ந்த புதிதில், ஆள் வராத நேரமெல்லாம் மேசைக்குப் பின்னால் போவதும் வருவதுமாகவே இருப்பேன். “உக்காந்தா தேஞ்சா போயிடுவே?” என்று கூட வேலை பார்த்த அண்ணன்மார் கேலி செய்வார்கள். உட்கார்ந்தால் யோசனை வரும். யோசனை வந்தால் கப்பல் ஞாபகம் வரும். அதனால்தான் நடந்தேன்.

கப்பல் விஷயம் இதுதான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் என் அண்ணன் வைத்ததுதான் சட்டம். நான் கடையில் நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. “தீபாவளி வரைக்கும் பாரு. வேலை நிலைச்சா சரி. இல்லைன்னா நாகப்பட்டினத்துக்கு டிக்கெட் எடுத்துடுவேன். மாமா பையன் காத்துக்கிட்டு இருக்கான்” என்று சொல்லிவிட்டான். நான் பிறந்தது சிங்கப்பூரில். நாகப்பட்டினத்தைக் கண்ணால் கண்டதில்லை. மாமா பையனைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். அதுவே போதும்.

என்னை வேலைக்கு எடுத்தவர் சின்ன முதலாளி. ஆங்கிலப் பள்ளியில் படித்து, நகரத்தில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பெரிய கடையொன்றில் கொஞ்ச நாள் வேலை பழகிவிட்டு அப்பாவின் கடைக்கு வந்தவர். பெண்கள் துணி எடுக்கிற கடையில் ஒரு பெண் நிற்க வேண்டாமா என்று கேட்டவர் அவர்தான். அதுவரை எங்கள் ஜனம் உள்பாவாடை கேட்கக் கூச்சப்பட்டு, தலையணை உறை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். நான் வந்த பிறகு கேட்டார்கள். பாவாடையோடு மாமியார் கதையும் வந்தது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரிய முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் என்னைப் பார்ப்பார். “பொம்பளப் புள்ள நிக்குறது நமக்கு ஒத்து வருமான்னு தீபாவளிக்குப் பாப்போம்” என்று அவரும் அந்த நாளையே சொன்னார். ஊருக்கெல்லாம் தீபாவளி என்றால் கொண்டாட்டம், எனக்கு மட்டும் அது கெடு.

சின்ன முதலாளியின் அடுத்த யோசனை பை. முன்பெல்லாம் துணியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிக் கொடுப்போம். அவர் கெட்டிக் காகிதத்தில் கைப்பிடி வைத்த பை அடித்து வந்தார். ஒரு பக்கம் கடையின் பெயர். மறுபக்கம் கைகூப்பி நிற்கும் ஒரு பெண், அவளுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘மீண்டும் மீண்டும் வருக’. அந்தப் பைக்காகவே ஒரு கைக்குட்டை வாங்கிப் போனவர்கள் உண்டு. நானும் ஒன்றைக் கொண்டுபோய் வீட்டில் மாட்டினேன், பொய் சொல்வானேன். பையோடு ஒரு சட்டமும் வந்தது. யார் வாங்கினாலும் இரண்டு கையாலும் பையை நீட்டி, சிரித்து, “போயிட்டு வாங்க, அடிக்கடி வாங்க” என்று சொல்ல வேண்டும். நாங்கள் மறந்தால் அவரே வாசல்வரை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

ஒரு நாள் காலை, கதவுப் பலகைகளைக் கழற்றி முடிக்கும் முன்பே ஒருவர் உள்ளே வந்தார். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளி. அங்கே தொழிலாளர் குவாட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேர் எங்கள் கடையில்தான் துணி எடுப்பார்கள். இவருடைய அக்கா எனக்கு நல்ல சிநேகிதம். வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் எங்கள் கடை இருந்த தேக்காவுக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள்.

“ஒரு சேலை குடும்மா. அக்காவுக்கு.”

“அக்காவுக்கா? பச்சைன்னா அவங்களுக்கு உசிராச்சே!” என்று நான் இருக்கிற பச்சையையெல்லாம் பிரித்துப் போட்டேன். அவர் எதையும் பார்க்கவில்லை. “எதையாவது குடும்மா” என்றார். இந்த ஆம்பிளைகளைச் சேலை எடுக்க அனுப்பினால் இப்படித்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மேலே கிடந்ததை மடித்தேன். அவர் பேரம்கூடப் பேசாமல் காசைக் கொடுத்தார். சின்ன முதலாளி சேலையைப் பையில் போட்டு இரண்டு கையாலும் நீட்டி, பல் தெரியச் சிரித்து, “போயிட்டு வாங்க, அடிக்கடி வாங்க” என்றார். அந்த மனிதர் வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அதோடு தஞ்சோங் பகார் ஜனம் நின்றுபோனது. தீபாவளி நெருங்க நெருங்க எதிர்க்கடையில் நிற்க இடமில்லை, நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. பகலில் அடுக்கின சேலையையே கலைத்துக் கலைத்து அடுக்கினேன். கடைசியில் பெரிய முதலாளி என்னைக் கூப்பிட்டார். “பொம்பளப் புள்ளய நிறுத்துனதும் குடும்பத்து ஜனம் ஒதுங்கிடுச்சு பாத்தியா? உன்மேல குத்தம் சொல்லல. வர்ற வாரத்தோட நின்னுக்கம்மா.” சின்ன முதலாளி தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டி வந்தவர் ஒரு வார்த்தை பேசவேண்டாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில், மீன்கடை ஈரத்தில், குவாட்டர்ஸ்காரி ஒருத்தி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். நான் விடுவேனா? கூடையோடு ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“ஏங்க்கா, நான் என்ன பண்ணேன்? சொல்லிட்டுப் போங்க.”

“நீ ஒண்ணும் பண்ணலடி. உங்க கடைதான்.” அவள் குரல் தாழ்ந்தது. “உன் சிநேகிதி புருசன் போயிட்டாருல்ல. துறைமுகத்துல மூட்டை சரிஞ்சு. உனக்குத் தெரியாதா? தம்பிக்காரன் உங்க கடையில எடுத்தது கோடி.”

கோடி! புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற சேலை. அதற்குத்தான் நான் பச்சை, பச்சை என்று குதித்திருக்கிறேன்.

“சாவு வீட்டுலேருந்து கிளம்புறவன்கூட வர்றேன்னு சொல்ல மாட்டான். கோடி எடுக்க வந்தவன்கிட்ட அடிக்கடி வாங்கன்னு சிரிச்சீங்களாமே! பையில வேற எழுதிக் குடுத்திருக்கீங்க லா. துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் படிச்சாங்க. அடுத்த சாவுக்கும் எங்க கடைக்கே வாங்கன்னா? அப்புறம் எந்தப் பொம்பள அந்தப் படி ஏறுவா?”

திங்கட்கிழமை கடை திறந்ததும், எல்லோரும் இருக்கும்போதே பெரிய முதலாளியிடம் அந்தக் கோடி விஷயத்தைச் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பக்குவம் என்றைக்கும் இருந்ததில்லை. “நான் நின்னதால இல்ல முதலாளி. உங்க புள்ள சிரிச்சதால.”

பெரிய முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோடி என்று தெரிந்தால் பேசாமல், சிரிக்காமல், வெறும் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு முகத்தைத் தாழ்த்திக்கொள்வது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். “டேய், இதையுமா ஒருத்தன் சொல்லித் தரணும்?” என்றார்.

“யாருப்பா அந்த ஆளு?” என்று கேட்டார் சின்ன முதலாளி. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது. பிறகு அவர் பரபரவென்று போய் அலமாரியிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்தார். “வா, இதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு மன்னிப்புக் கேட்டுடுவோம்.”

“வைங்க கீழே! அங்க சேலை கொண்டுபோனா அதுவும் கோடிதான். நீங்க என்ன பொறந்த வீடா?”

வெறுங்கையோடுதான் போனோம். கார் ஓட்டும்போது அவர் கை சும்மா இருக்கவில்லை, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது. குவாட்டர்ஸ் குழாயடியில் பெண்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக்குள் என் சிநேகிதி பாயில் உட்கார்ந்திருந்தாள், அந்தப் பச்சைச் சேலையில். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவினாள்.

சின்ன முதலாளி நின்றபடியே, “தெரியாம சொல்லிட்டேன்ணே” என்றார். அந்த வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

தம்பிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “சொன்னதுகூடப் பரவால்ல தம்பி. என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லியிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க. ரெண்டு பேரும் பாக்கல.”

ரெண்டு பேரும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கிளம்ப எழுந்தபோது சின்ன முதலாளி பழக்க தோஷத்தில் கைகூப்பி வாயைத் திறந்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன். பேசாமல் வெளியே வந்தோம்.

அந்த வாரமே குவாட்டர்ஸ் பெண்கள் இரண்டு பேர் கடைக்கு வந்து, “அந்தப் பொண்ணு இருக்கா?” என்று கேட்டார்கள். அடுத்த நாள் ஏழெட்டுப் பேர். அதே கேள்வி. பெரிய முதலாளி கல்லாவிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் பிடி கொடுக்கவில்லை. “சரி, இரு. அடுத்த தீபாவளிக்கும் பாப்போம்” என்றார். வீட்டில் அண்ணனும் முணுமுணுத்தபடி அதையே சொன்னான். இன்னொரு வருஷம் நான் மேசைக்குப் பின்னால் நடந்தேன். பை நிற்கவில்லை, ஆனால் மேசைக்கடியில் வெறும் பழுப்புத் தாளும் ஒரு கட்டு இருந்தது. யார் உள்ளே வந்தாலும் சின்ன முதலாளி முதலில் முகத்தைப் பார்க்கப் பழகினார். நானும்தான்.

மறு வருஷம் தீபாவளிக் கூட்டத்தில் என் சிநேகிதி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். துக்கம் நடந்த வீட்டில் முந்தைய ஆண்டு தீபாவளி இல்லை, இதுதான் முதல். மகளுக்குப் பாவாடைத் துணி எடுத்தாள். பேரம் பேசினாள். நானும் சளைக்காமல் பேசினேன். துணியைப் பையில் போடுவதா, தாளில் சுற்றுவதா என்று ஒரு நிமிஷம் தடுமாறி, கடைசியில் பையில் போட்டுச் சின்ன முதலாளியிடம் கொடுத்தேன். அவர் பேசாமல் நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. அண்ணன்மாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“என்ன, எல்லாரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? எனக்கு மட்டும் போயிட்டு வான்னு சொல்ல மாட்டீங்களா?”

“போயிட்டு வாங்கக்கா” என்றார் சின்ன முதலாளி, மெதுவாக.

“வர்றேன் தம்பி.” படியில் இறங்கியவள் மறுபடியும் திரும்பி என்னைப் பார்த்தாள். “நான் வர்றப்ப நீ இருப்பேல்ல?”

நான் கல்லாவைப் பார்த்தேன்.

“இருப்பா, இருப்பா” என்றார் பெரிய முதலாளி, காசை எண்ணுவதை நிறுத்தாமலே. “அவ எங்க போயிடப் போறா?”