அங்கம்மா தர மறுத்த கண் மருந்து

லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டில் உப்புத் தீர்ந்தாலும் அங்கம்மாவின் கதவைத்தான் தட்டுவார்கள். கேட்டதைக் கொடுப்பார், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமாட்டார். மருந்தும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை லயத்து வரிசை வீடுகள் முழுவதையும் சுற்றிவிட்டு வெறும் அட்டையாக வீடு திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம். இருப்பதை ஒளித்து வைப்பதுதான் இங்கே குற்றம். அப்படிப்பட்ட அங்கம்மா ஒரே ஒரு மருந்தை மட்டும் யாருக்கும் தரமாட்டேன் என்று நின்றார். அதற்காக லயமே அவரை ஏசியது. அவர் அசையவில்லை.

சவுக்கு மரங்கள் பூத்து வறண்ட காற்றுக் கிளம்பிவிட்டால் அங்கம்மாவின் இரண்டு கண்களும் சிவந்து நீர் வடியும். அரிப்புத் தாங்காமல், கொழுந்துக் கறை படிந்த விரலால் கசக்கிக் கசக்கி இமை வீங்கிவிடும். பதுளையில் கண் கிளினிக்கில் காட்டியபோது ஒவ்வாமை என்று சொல்லிச் சின்னப் போத்தல் ஒன்று கொடுத்தார்கள். அதை அவர் கொழுந்து பறிக்கும் மலைக்கே கொண்டு போனார். தேத்தண்ணி நேரத்தில் யாருக்குக் கண் உறுத்தினாலும் அண்ணாந்து பார்க்கச் சொல்லி ஒரு சொட்டு விட்டார். போத்தலின் நுனி ஒவ்வொருவர் இமையிலும் உரசிக்கொண்டு நிரை முழுவதும் போய்வந்தது. வாரம் முடிவதற்குள் பாதிப் பேருக்குக் கண்நோய். அங்கம்மாவுக்குப் பீளை கட்டி, காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

மறுபடி கிளினிக்குக்குப் போனார். அங்கிருந்த டொக்டர் ஞானேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரர்.

"இந்த மருந்தை வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"எல்லாருக்கும் குடுத்தேனுங்க," என்றார் அங்கம்மா, பெருமையாக.

"என்னம்மா, பந்தியில ரசம் ஊத்தின மாதிரி ஊத்திப்போட்டு வந்திருக்கிறியள்!"

கண்நோய் ஆறியபின் டொக்டர் புதுப் போத்தல் ஒன்று கொடுத்து, எப்படி விடுவது என்று செய்து காட்டினார். அன்று கற்றதை அங்கம்மா இன்றுவரை மாற்றவில்லை. முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, நுனி கண்ணிலோ இமை மயிரிலோ படாமல் ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருப்பார். எழுதிக் கொடுத்தபடி காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. அரிப்புக் கூடிவிட்டது என்று இன்னொரு முறை விடுவது கிடையாது. போத்தலைத் திறந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார். டொக்டர் சொன்ன ஒரு மாதம் முடிந்ததும், உள்ளே மிச்சமிருந்தாலும் வீசிவிடுவார்.

"அரைப் போத்தல் மருந்த வீசுறியே, மனசு வருதாடி ஒனக்கு?" என்பார் அவர் கணவர் ரெங்கசாமி.

"கண்ணு வேணுமா, போத்தல் வேணுமா?"

டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இரண்டு கண்ணும் அரித்தால்தான் இந்த மருந்து. வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ அது வேறு நோய். காத்திருக்காமல் வந்துவிட வேண்டும்.

இந்த வருடம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி முடிந்ததும் எல்லோரும் போல ரெங்கசாமியின் தங்கை மருதாயியும் விறகுக்கு மிலாறு பொறுக்கப் போனார். வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளைத்தான் மிலாறு என்போம். இரண்டொரு நாளில் அவர் கண் சிவந்தது. அன்று மாலை பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அங்கம்மாவிடம் வந்தார்.

"மதினி, அந்தக் கண்ணு மருந்துல ஒரு சொட்டு விடுங்க."

"அது எனக்கு எழுதுனது. தரமாட்டேன்."

விளையாட்டென்று நினைத்து மருதாயி சிரித்தார். அங்கம்மா சிரிக்கவில்லை.

"ஒரு சொட்டுத்தானுங்களே மதினி? கிட்னியா கேட்டேன்?"

"கிட்னி கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். டொக்டர்கிட்ட காட்டு."

பீலிக்கரையில் நின்ற பெண்கள் விடுவார்களா? "அங்கம்மா பெரிய டொக்டரம்மா ஆயிருச்சு டோய்!" என்றாள் ஒருத்தி. "பொட்டியில பூட்டி வச்சுப் பேத்திக்குச் சீதனமாக் குடுக்கும்," என்றாள் இன்னொருத்தி. மருதாயி அழுதுகொண்டே போய் அண்ணனிடம் சொன்னார். ரெங்கசாமி வாசலில் நின்று கத்தினார்: "என் தங்கச்சிக்கு ஒரு சொட்டு இல்லேன்னா, இந்த வீட்டுத் தேத்தண்ணி எனக்கும் வேணாம்!" சொன்னபடி தங்கை வீட்டுக்கே போய்விட்டார். ஒரு சொட்டு விட்டிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அங்கம்மா விடவில்லை.

விடிந்ததும் பெரட்டுக்குப் போகாமல் மருதாயியின் காம்பராவுக்குப் போனார். மருதாயி முந்தானையால் கண்ணைப் பொத்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அரிக்குதா, வலிக்குதா?"

"ஒங்களுக்கென்ன வந்துச்சு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"குத்துது. வெளிச்சத்தப் பாக்க முடியல."

"ரெண்டு கண்ணுமா?"

"ஒன்னுதான். மிலாறு பொறுக்குறப்ப குச்சி ஒன்னு பட்டுச்சு. அன்னைக்கே சரியாப் போயிருச்சு."

அங்கம்மாவுக்கு டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. தன் கண் அரித்திருக்கிறது, ஒருநாளும் குத்தியதில்லை.

"எந்திரி. பதுளைக்குப் போவோம்."

"மருந்து தர மாட்டீங்க, பஸ்ஸுல மட்டும் ஏத்துவீங்களாக்கும்?"

"ஆமா, ஏத்துவேன்."

பதுளை வரும்வரை மருதாயி ஏசிக்கொண்டே வந்தார். அங்கம்மா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் நாத்தனாரின் தோளையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

டொக்டர் ஞானேஸ்வரி கருவி வழியாகப் பார்த்தார். கருவிழியில் குச்சி பட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு புண்.

"அந்த அரிப்பு மருந்து இதுக்கு ஒண்டும் செய்யாது," என்றார். "அதைக் கண்ணில விட்டுப்போட்டு, சுகமாகும் எண்டு இன்னும் கொஞ்ச நாள் வீட்டில இருந்திருந்தா கண் போயிருக்கும். இப்பவும் பார்வை எவ்வளவு மிஞ்சும் எண்டு சொல்லேலாது."

மருதாயியை வார்டில் சேர்த்தார்கள். அங்கம்மா பேரை, அன்றைய கூலியை, விட்டுவிட்டு, முடிந்த நாளெல்லாம் சோற்றுப் பார்சலோடு பதுளைக்குப் போனார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. ரெங்கசாமி வீடு திரும்பித் தேத்தண்ணி கேட்டபோது அங்கம்மா கேத்தலைக் கண்ணால் காட்டினாராம். அவ்வளவுதான் தண்டனை.

மருதாயியைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று இருவரும் பஸ் நிலையத்தில் நின்றார்கள். மருதாயி நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எதிரில் நின்ற பஸ்ஸின் போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"லு... ணு... க... கடைசி எழுத்து மட்டும் மங்கலா இருக்குங்க மதினி."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார் அங்கம்மா. முகத்தைத் திருப்பி முந்தானையால் துடைத்துக்கொண்டார். "நம்ம பஸ்ஸுன்னு தெரிஞ்சிருச்சுல்ல. வா, சீட்டு போயிரும்."