கட்டிலுக்கு அடியில் படுக்கும் நாய்

சட்டப்படி நாய் ஒரு பொருள். திருச்சுழியிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் செல்போனில் படித்துக்கொண்டு போனேன். யார் வளர்த்தது, யார் ஊசி போட்டது, எல்லாவற்றுக்கும் பதில் தயார். ஆனால் என் கணவர் வீட்டு வாசலில் யாரும் அதையெல்லாம் கேட்கவில்லை.

நான் திருச்சுழிக்கு, அம்மா வீட்டுக்கு வந்து சில மாதங்கள் கழித்து, நாங்கள் பிரிவதென்று முடிவாகி, என் சீர்ச் சாமான்களைத் திருப்பி எடுக்கப் போன நாள் அது. இரும்புக் கட்டில், பீரோ, அண்டா எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறிவிட்டன. நாய் மட்டும் வாசலில் கட்டிக் கிடந்தது. பந்தல்குடி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை இரண்டு பேருமாகத்தான் தூக்கி வந்தோம். பேர் வைப்பதில்கூட ஒத்துப்போகவில்லை. அவர் ஒன்று சொல்லிக் கூப்பிடுவார், நான் ஒன்று. இரண்டுக்கும் வாலாட்டும்.

“நாயி சீர்ல சேருமா?” என்றார் என்னுடன் வந்திருந்த தாய்மாமா.

“சேராது. கூப்பிட்டா ஒங்க புள்ள பின்னால வரவும் வராது,” என்றார் கணவரின் பெரியப்பா. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஒரே ஆட்டை இரண்டு பேர் தன்னுடையது என்றால், தெருவில் அவிழ்த்துவிடுவார்களாம். யாரும் கூப்பிடக் கூடாது. எந்தத் தொழுவில் போய் நிற்கிறதோ, அந்த வீட்டு ஆடு.

அவர் முடிப்பதற்குள் “சரி” என்றுவிட்டேன்.

“ஏத்தா, இது அவுக தெரு,” மாமா என் காதில் கடிந்தார். “இத்தன மாசமா அது சோறு திங்கிறதும் அவுக வீட்டுல. எதுக்கு இப்பிடிப் பறக்குற?”

அதை நான் யோசிக்கவே இல்லை.

பெரியப்பா கயிற்றை அவிழ்த்தார். நாய் ஓடிவந்து என் செருப்பை மோந்தது. கைப்பையில் பிஸ்கட் இருந்தது. ஜிப்பைத் திறக்கிற சத்தமே அதற்குப் போதும். பெரியப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய் அடுத்து என் கணவரிடம் போய் ஒரு சுற்றுச் சுற்றியது. அங்கிருந்து ஒரே தாவலில் வண்டியில் ஏறி, கட்டிலுக்கு அடியில் சுருண்டுகொண்டது. அதுதான் அது தினமும் படுக்கிற இடம்.

“சீரோட சேந்துருச்சுல்ல?” மாமா சிரித்தார்.

“வண்டி என்ன தொழுவா? கட்டிலப் பாத்து ஏறியிருக்கு. ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. எறங்கலைன்னா கொண்டு போங்க,” என்றார் பெரியப்பா.

வண்டிச் சத்தம் அதற்கு ஆகாது. லாரி ஹாரன் கேட்டாலே என் கணவரின் காலுக்கிடையில் போய் ஒளியும். என்னிடம் வராது. அதை மாமாவிடம்கூட நான் சொன்னதில்லை.

இன்ஜின் உறுமியது. நாய் விருட்டென்று எழுந்து, வண்டியின் விளிம்பில் முன்னங்காலை வைத்து அவரைப் பார்த்தது. அவர் கூப்பிட வேண்டியதே இல்லை. அப்படியே நின்றால் போதும், குதித்துவிடும்.

அவர் திரும்பி, வீட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

நாய் அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

நான் முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விட்டுக்கொடுத்தாரா, பார்க்கச் சகிக்காமல் திரும்பினாரா, இன்றுவரை தெரியவில்லை. வண்டி ஊரைத் தாண்டிய பிறகும் நாய் தலையை நீட்டி வந்த வழியையே பார்த்தது. திருச்சுழி வரும்வரை அதன் கழுத்துப் பட்டையிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.