மாமாவின் குரலை நான் அடைத்தேன்

அந்தக் குரலை அடைத்தது நான்தான். இணையம் அல்ல, கடல் அல்ல... நான்!

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? தெரியவில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது, அதனால் இருக்கலாம்.

திருவொற்றியூரில் ஒரு மாடியறையில் எனக்கு வேலை. அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறை. படகிலிருக்கும் வயர்லெஸ் செட்டில் ஒரு மீனவர் பேசினால், அது கரையிலுள்ள கம்பத்துக்கு வந்து, அங்கிருந்து இணையம் வழியாக என் கணினியை அடையும். ஆம்புலன்ஸ்காரர், தீயணைப்பு வண்டிக்காரர், ஆலைகளின் பாதுகாப்பு ஆட்கள் என எல்லோர் கையிலுள்ள கருவியிலும் உடனே கேட்கும். ஒருவர் பேசினால் ஊருக்கே கேட்கும்! அதுதான் இந்த ஏற்பாட்டின் பெருமை. எனக்கு அதுவே வினையாயிற்று.

ஏனென்றால் என் தாய்மாமா ஏழுமலையும் அதில் பேசினார்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரர். நான் பிறந்ததும் அங்கேதான். அலுவலகத்தில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. தேய்த்து மினுக்கிய தமிழ் ஒன்றைப் பழகி வைத்திருந்தேன். மாமாவோ தினமும் மதியம் செட்டை எடுத்து, நடுக்கடலிலிருந்து கூவுவார்:

“கன்ட்ரோலு! இன்னா பாப்பா, துன்னியா?”

சாப்பிட்டாயா என்று கேட்கிறாராம். அவ்வளவுதான், மற்ற படகுகளும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் மீன் விலை கேட்பார், ஒருவர் பாடுவார், ஒருவர் மச்சானை வம்புக்கு இழுப்பார். மறுநாள் படிக்கட்டில் எதிர்ப்படும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்னைப் பார்த்து, “இன்னா பாப்பா, துன்னியா?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே பற்றி எரியும்.

யார்மீது எரிச்சல்? சிரித்தவர்கள்மீதா, மாமாமீதா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கணினித் திரையில் ஒவ்வொரு குழுவுக்கும் பக்கத்தில் ஒரு சிறு குறி உண்டு. அதைத் தொட்டால் அந்தக் குழுவின் குரல் எனக்கும் கேட்காது, பிறருக்கும் போகாது. பேசுகிறார்கள் என்பதற்கு அடையாளமாகப் பச்சை விளக்கு மட்டும் மினுங்கும். மதியமானால் படகுகளை அடைத்துவிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் திறப்பேன். அரட்டை அதிகம், வேலை கெடுகிறது என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். பொய்! அந்த ஒரு கேள்வி பிறர் காதில் விழக்கூடாது... அதற்காகத்தான் அடைத்தேன்.

அன்றும் அடைத்திருந்தேன். கரையிலிருந்து ஒருவர் போன் செய்தார். முகத்துவாரத்துக்கு எதிரே படகு கவிழ்ந்துவிட்டது, ஒருவருக்கு நெஞ்சில் பலத்த அடி, தண்ணீரும் குடித்துவிட்டார், வேறு படகில் தூக்கிப்போட்டுக் கொண்டுவருகிறார்கள் என்றார். உடனே ஆம்புலன்ஸை முகத்துவாரக்குப்பத்துக்கு அனுப்பினேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். ஓட்டுநருக்குச் சந்து சந்தாக வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது பச்சை விளக்கு மினுங்கியது.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்! இந்த நேரத்திலுமா அரட்டை என்று பல்லைக் கடித்தேன். இப்போது திறந்தால் ஓட்டுநர் காதில் விழும், மானம் போகும் என்று நினைத்தேன். விளக்கு அணைந்தது. மறுபடி மினுங்கியது. அணைந்தது... மறுபடி மினுங்கியது.

தங்களைத் தூக்கிய படகின் செட்டில் மாமா என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டேன்.

“முகத்துவாரத்துல அலை தூக்கி அட்க்குது பாப்பா, உள்ள வர முடியல. எர்ணாவூர் கரைக்குப் போறோம். வண்டிய அங்க அனுப்பு...”

அடிபட்டவர் தேசிங்கு. மாமாவோடு தொழிலுக்குப் போகிறவர், சிறுவயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அவர் ஒரு கரையில் மணலில் கிடந்தார், ஆம்புலன்ஸ் இன்னொரு கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் மீன் வண்டியில் ஐஸ் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அவரைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். அன்று மாலையே போய்விட்டார்.

முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரைக் கேட்டேன். “சொல்ல முடியாதும்மா” என்றார். பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். மாட்டார் என்றிருந்தால் மூச்சு விட்டிருப்பேன். இது என்ன பதில்? இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மேலதிகாரி விசாரித்தார். “நெட் விட்டு விட்டு வந்துச்சு சார்” என்றேன். அடிக்கடி நடப்பதுதானே, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு எளிதா!

அதோடு முடிந்திருந்தால்கூட...

துக்கத்துக்குப் போனேன். நெட் கோளாறு என்ற என் பொய் எனக்கு முன்பே குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தேசிங்கின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இன்னாடி பண்ணுவ, மிசினு கைவிட்ருச்சு” என்றாள். மாமா என்னைத் தனியே அழைத்தார். சட்டையில் இன்னும் உப்புப் பூத்திருந்தது.

“தப்பு எங்க மேலதான் பாப்பா. செட்டு கெடச்சுதுன்னு தெனமும் பேசிப் பேசியே நெட்டக் காலி பண்ணிட்டோம். அவன் உசுருக்குப் பேசுறப்போ அதுல ஒண்ணுமில்ல. நான்தான் மொதல்ல ஆரம்பிச்சேன்... துன்னியா, துன்னியான்னு.”

போனில் காசு தீர்ந்தால் பேச்சு நிற்பதுபோல இதுவும் என்று நினைத்துவிட்டார். அப்படி இல்லை மாமா என்று நான் சொல்லவேண்டும். ஒரு வாக்கியம்தான். வாயைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழி அவரிடம் போனது, அவரே விரும்பி எடுத்துக்கொண்டார். நான் கொடுக்கவில்லை... ஆனால் வாங்கவும் இல்லை. இது என்ன கணக்கு? நீங்களாவது சொல்லுங்கள்.

இப்போது படகுகளை அடைப்பதே இல்லை. மதியமும் திறந்தே வைத்திருக்கிறேன். பாட்டு இல்லை, மீன் விலை இல்லை, வம்பு இல்லை. பேசினால் நெட் தீர்ந்துவிடும் என்று மாமா எல்லாப் படகுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் பாராட்டுகிறார்கள், “லைன் இப்ப சுத்தமா இருக்கு!”

எப்போதாவது விளக்கு மினுங்கும்.

“மேடம், ஏழுமலை. கரைக்கு வந்துட்டோம். அவ்ளோதான்.”

மேடம்! அந்தக் குரலுக்கு நான் மேடம்.

இன்று பேசும் பொத்தானை அழுத்தினேன். சொல்லிவிடலாம் என்றுதான் அழுத்தினேன். எல்லோருக்கும் கேட்கும் என்ற நினைப்பு வந்தது.

“சரிங்க” என்றேன்.

பக்கத்தில் சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது. மதியம் கழிந்துவிட்டது. சாப்பிட்டேனா என்று யாரும் கேட்கவில்லை.