உப்பு மூட்டைக்குப் பின்னால் இருந்த ஈரம்

1. கழற்றி வைத்த தொட்டி

அனுமந்தையைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். வேலைநாளில் முதுகில் தொட்டி இல்லாமல் நடப்பது நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. உடம்பு தானாக முன்பக்கம் சாய்ந்தது. அன்று காலை புதுச்சேரியில், நான் வேலை பார்த்த பூச்சி மருந்துக் கம்பெனியின் ஷெட்டில் ஸ்ப்ரே தொட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன். பஸ்ஸில் மரக்காணத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். ஆனால் அங்கே போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் அனுமந்தையிலேயே இறங்கிவிட்டேன். நடந்தால்தான் எனக்கு யோசனை ஓடும்.

நான் ஏழாவதோடு நின்றவன். போர்வெல் வண்டி, இறால் குட்டை, லாரி கிளீனர், பாத்திரம் கழுவுவது என்று எந்த வேலையிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. மருந்தடிக்கும் வேலையில்தான் நான்கு வருஷம் இருந்தேன். டப்பாவில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. அதில் போட்டிருக்கும் முக்கோணத்தின் நிறம் மட்டும் தெரியும். சிவப்பு மோசம், பச்சை பரவாயில்லை, நடுவில் மஞ்சளும் நீலமும். பள்ளிக்கூடங்களுக்கு நீலம் என்று முதலாளி சொல்வார். நீலம் தீர்ந்திருந்தால் மஞ்சள் போகும்.

முந்தின வாரம் வேறோர் ஊரில் ஒரு பள்ளிக்கு சனிக்கிழமை மருந்தடித்தேன். திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வழக்கம்போல பெஞ்சில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறார்கள். பலருக்குக் கண் எரிந்தது. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. பள்ளியிலிருந்து விசாரித்தபோது முதலாளி போனை என் கையில் கொடுத்து, "பெனாயில் நெடின்னு சொல்லுடா" என்றார். நான் அப்படியே சொன்னேன்.

சொன்னதுதான் உறுத்தியது. அடுத்த முறை மரக்காணம் பள்ளிக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அங்கே சமையலறைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் மருந்தடிப்பது நான்தான். இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பங்குக் கோயிலை ஒட்டிய பள்ளி அது. தலைமையாசிரியை ஒரு சிஸ்டர். என்னைப் பார்த்ததும் காலண்டரைப் பார்த்தார்.

"தோத்திரம் சிஸ்டர். மருந்தடிக்க வரல. அடிக்க வேணாம்னு சொல்ல வந்தேன்."

"கம்பெனி அனுப்பிச்சுதா?"

"இல்ல சிஸ்டர். விட்டுட்டு வந்துட்டேன்."

பெனாயில் பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும், "சரி, ஸ்ப்ரே வேணாம். கரப்பான் தட்டுல ஏறுதே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"ரெண்டு வாரம் குடுங்க சிஸ்டர். கொறைச்சுக் காட்டுறேன்."

"ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை உங்க பழைய வேன் வரும். அதுக்குள்ள எனக்கு நம்பிக்கை வரணும். வரலன்னா அவங்கள அடிக்கத்தான் சொல்லுவேன். முந்நூறு புள்ளைங்க சாப்பாடு. எனக்கும் வேற வழி இல்ல."

வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் கொடுத்தார்கள்.

2. ஆறு அட்டைகள்

மருந்தில்லாமல் பூச்சியைக் குறைப்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆரோவில் பக்கம் ஒரு பெரிய சமையற்கூடத்தில் ஒன்றரை வருஷம் பாத்திரம் கழுவியபோது பார்த்தது. அங்கே ஸ்ப்ரே உள்ளே வராது. சாயங்காலம் தரை காய்ந்திருக்கிறதா என்று ஒருவர் வெறுங்காலில் நடந்து பார்ப்பார். ஈரம் பட்டால் மறுபடி துடைக்க வேண்டும். அப்போது அது எங்களுக்குத் தண்டனை போல இருந்தது.

சமையல் செய்யும் மேரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மருந்தண்ணே, உங்ககிட்ட மருந்தே இல்லியா?"

"கரப்பான் தின்னு சாவுற ஜெல் இருக்குதும்மா. ஒரே ஒரு டியூப். கதவுக் கீலு சந்துல, அலமாரிக்குப் பின்னால, கடுகளவு வெப்பேன். புள்ளைங்க கை போகாத எடத்துல."

"கடுகளவா? கரப்பான் என்னா, தாளிக்கவா போவுது?"

அடுத்த வீடுவரை கேட்கிற மாதிரி சிரித்தார். ஆனால் வேலையில் கெட்டி. இரண்டே நாளில் அரிசியும் பருப்பும் மூடி போட்ட டிரம்முக்குள் போயின. அட்டைப் பெட்டிகளை வெளியே எறிந்தோம். கரப்பான் முட்டை பாதி அந்தப் பெட்டிகளின் மடிப்பில்தான் வருகிறது. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தேன். சாக்கடை வாய்க்குப் புது வலை வைத்தேன். சுவர் விரிசல்களைச் சிமெண்டால் அடைத்தேன்.

பிறகு, தொழிலில் க்ளூ போர்டு என்று சொல்லும் பசை அட்டையை ஆறு இடங்களில் வைத்து நம்பர் போட்டேன். தினமும் காலையில் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். பூச்சி எங்கிருந்து வருகிறது என்று அட்டை சொல்லிவிடும். மருந்தடித்த காலத்தில் நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அடித்தேன், செத்தது, அடுத்த முறை வந்தேன்.

ஒரு வாரத்தில் ஐந்து அட்டைகளில் ஒன்றிரண்டுக்கு மேல் ஒட்டவில்லை. நாலாம் நம்பர் அட்டை மட்டும் தினமும் கறுத்துக் கிடந்தது. அது ஸ்டோர் ரூம் மூலையில், உப்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

3. முதல் உப்பு

அந்த மூட்டைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் உப்பளத்தில் முதலில் வாரும் உப்பை அந்தப் பங்கில் உள்ள குடும்பங்கள் கோயிலுக்குக் கொண்டுவந்து, ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரித்ததும், பள்ளிச் சமையலறைக்குக் கொடுத்துவிடும். சுவரோரம் அடுக்கி, மேலே ஒரு சிலுவை மாட்டியிருக்கும். மேல் மூட்டையைப் பிரித்து ஊறுகாய்க்கும் பாத்திரம் தேய்க்கவும் எடுத்துக்கொள்வார்கள். அடி மூட்டைகள் அப்படியே கிடக்கும், புது வருஷத்து மூட்டை மேலே ஏறும். உப்பளக்காரர்கள் தவிர யாரும் அதை நகர்த்த மாட்டார்கள்.

"அதுல கை வெக்காதீங்கண்ணே. அந்தோணி அண்ணன் வந்தா சாமியாடிடுவாரு" என்றார் மேரியம்மா.

அந்தோணி உப்பளத்தில் வேலை செய்பவர், பெற்றோர் சங்கத் தலைவர். இரண்டு பிள்ளைகள் அங்கே படித்தார்கள். மருந்தடிக்க வேண்டும் என்று முதலில் கேட்டவரும் அவர்தான். மூட்டையை நகர்த்த வேண்டும் என்று ஆள் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, வேன் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், உப்புப் பாத்தியிலிருந்து நேராக வந்தார். கணுக்கால் வரைக்கும் உப்புப் பூத்திருந்தது.

"ஏம்பா, உப்புல பூச்சி வருதுன்னு சொன்னியாமே. எங்க பாட்டன் காலத்துலருந்து நாங்க உப்புலதான் நிக்கிறோம். எங்க கால்ல கரப்பான் ஏறி நீ பாத்திருக்கியா?"

"உப்புல வருதுன்னு சொல்லலண்ணே. உப்புக்குப் பின்னாடி என்னா இருக்குதுன்னு பாக்கணும்."

"பாரு. நல்லா பாரு. ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு மருந்தடிக்க நானே வேனுக்குக் கதவத் தொறந்து உடுவேன்."

சிஸ்டரும் வந்து வாசலில் நின்றார். அந்தோணி சிலுவையைக் கழற்றி மேரியம்மாவிடம் கொடுத்துவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசி வரிசையைத் தூக்கியதும் சுவர் தெரிந்தது. பூச்சு பாதி உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. இடுக்குகளில் கரப்பான்கள் கொத்தாக இருந்தன. சுவர் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஈரம்" என்றேன்.

"உப்பு கசியும்பா. காத்து ஈரத்துக்கே கசியும். இதுகூட தெரியாமதான் பூச்சி புடிக்க வந்தியா?"

உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான்கு வருஷமாக அந்த மூலையில் ஈரத்தைப் பார்த்திருக்கிறேன். உப்பு இருக்கும் இடம் ஈரமாகத்தான் இருக்கும் என்று அதன்மேலேயே மருந்தடித்துவிட்டுப் போயிருக்கிறேன். அந்த ஊரில் ஈரச் சுவரைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அந்தோணி பேசிக்கொண்டே சுவரின் மேல் பக்கம் விரலால் வழித்தார். வழித்த விரலை நாக்கில் வைத்தார். பாத்தித் தண்ணீர் உப்பு விளையும் அளவுக்குப் பழுத்துவிட்டதா என்று பார்க்க அவர்கள் தினமும் செய்வது அது. கை தானாகப் போய்விட்டது.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "துப்புங்கண்ணே, துப்புங்க. மேரியம்மா, தண்ணி கொண்டாங்க" என்று கத்தியதாக மேரியம்மா பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. மூட்டைகளுக்கு மேலே தெரிந்த அந்தச் சுவருக்கு மூன்று மாதத்துக்கு முன் நான் மருந்தடித்திருந்தது மட்டும்தான் அப்போது மண்டையில் இருந்தது.

அவர் துப்பினார், கொப்பளித்தார். பத்து நிமிஷம் பார்த்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்.

"அது நல்ல தண்ணி சிஸ்டர்."

"என்ன அந்தோணி?"

"உப்பு கசிஞ்ச தண்ணி இல்ல. கரிப்பு கொஞ்சந்தான் இருக்குது. குடிக்கிற தண்ணி எங்கயோ ஒழுவுது."

சுவருக்குள் குழாய் போவதே யாருக்கும் நினைவில்லை. மிச்சமிருந்த பூச்சைக் கொஞ்சம் தட்டியதும் பழைய இரும்புக் குழாய் தெரிந்தது. வருஷக்கணக்காக உப்பு அரித்து, ஊசி முனை அளவு ஓட்டைகள் விழுந்திருந்தன. மூட்டைக்குப் பின்னால் இருட்டு, ஈரம், விரிசல், எட்டடியில் அரிசி. கரப்பானுக்கு இதைவிட என்ன வேண்டும். என் மருந்து மூட்டையின் முன்பக்கத்தோடு நின்றுவிட்டது. முன்னால் வந்தது செத்தது, பின்னால் இருந்தது முட்டை போட்டுப் பெருகியது.

தாங்கள் அடுக்கிய உப்பே குழாயை அரித்துவிட்டதே என்று அந்தோணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய், சாயங்காலத்துக்குள் பிளாஸ்டிக் குழாயும் பிளம்பருமாகத் திரும்பி வந்தார்.

4. சனிக்கிழமை வந்த வேன்

காலை ஒன்பது மணிக்கு முதலாளி தானே வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"டேய், நீ இங்க கொத்தனாரு ஆயிட்டியா?"

"ஆமா சார். கொத்தனாருக்கு முகமூடி தேவப்படல."

அவர் என்னை விட்டுவிட்டு சிஸ்டரிடம் போனார். சிஸ்டர் குழாய் ஒழுகியதைச் சொன்னார். அந்தோணி அங்கே நின்றிருந்தார்.

"சிஸ்டர், குழாய் மாத்தினது நல்லதுதான். ஆனா இருக்குற பூச்சி இருக்குது இல்ல? ஒரே ஒரு டோஸ். திங்கக்கெழம க்ளீனா இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று காலையும் நாலாம் நம்பர் அட்டையில் பூச்சி இருந்தது. ஒரே நாளில் எதுவும் மாறாது. சிஸ்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அந்தோணிதான் பேசினார்.

"சார், நேத்து நான் அந்தச் செவுத்துத் தண்ணிய நாக்குல வெச்சேன். இந்தாளு பாஞ்சு வந்து என் கையப் புடிச்சாரு. துப்புங்க துப்புங்கன்னு கத்துறாரு. மருந்தடிச்சவரே அவ்ளோ பயப்படுறாரு. அந்த ரூமு அரிசியத்தான் எம் புள்ளைங்க தெனமும் தின்னுது."

முதலாளி சிரிக்கப் பார்த்தார். "கவர்மெண்டு அப்ரூவல் மருந்துங்க."

"அப்போ அடிச்சிட்டு நீங்க ஒரு தடவ வெரல நாக்குல வெச்சுக் காட்டுங்க. நான் எதுவும் பேசல."

மேரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முதலாளி காரியமாக போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாம். தேவைப்பட்டா நாங்க கூப்பிடுறோம்" என்றார் சிஸ்டர்.

"ரெண்டு மாசத்துல நீங்களே கூப்புடுவீங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி வேனைத் திருப்பினார்.

கூப்பிடவில்லை. ஸ்டோர் ரூமைத் தரையிலிருந்து கை எட்டும் உயரம் வரைக்கும் சோப்புத் தண்ணீர் போட்டு மூன்று தடவை கழுவினோம். சுவருக்குப் புதிதாகப் பூசினேன். மந்திரித்த உப்புக்கு அந்தோணி வெளி வராந்தாவில் ஒரு மேடை கட்டிக் கொடுத்தார். சிலுவையும் அங்கே போயிற்று. நாலாம் நம்பர் அட்டையில் மூன்றாவது வாரம் ஐந்து ஒட்டியது, ஐந்தாவது வாரம் ஒன்று. அரையாண்டுப் பரீட்சை வருவதற்குள் ஆறு அட்டையும் வெறுமையாக இருந்தது. தினக் கணக்கை மேரியம்மா சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதினார். பள்ளிக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டிப் போய் அந்தக் கதவைக் காட்டுவார். அந்தக் கதவை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

5. இடையஞ்சாவடி

வாட்ச்மேனாக இருந்துவிடுங்கள் என்றார் சிஸ்டர். எனக்குக் கால் நிற்கவில்லை. அட்டை மாற்ற மேரியம்மாவுக்குத் தெரியும், வெறுங்காலில் நடந்து தரையைப் பார்க்கவும் தெரியும். நான் செய்ய அங்கே வேலை மிச்சமில்லை. "மருந்தண்ணே, டியூப்ப மறந்துட்டுப் போறீங்க" என்று ஜெல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிகூடத் தீரவில்லை.

சிஸ்டர் இடையஞ்சாவடியில் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன் செய்து சொல்லியிருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே நின்றேன். டீச்சர் என் பையை எட்டிப் பார்த்தார். டார்ச், சிமெண்டு கரண்டி, ரப்பர் பட்டை, பசை அட்டை, அந்த ஜெல் டியூப்.

"மருந்து எங்கங்க? எறும்பும் கரப்பானும் தாங்க முடியல."

"கடைசியா எப்போங்க மருந்தடிச்சீங்க?"

"அடிச்சதே இல்லைங்க. இந்தக் கட்டடத்துக்கே இப்பதான் வந்திருக்கோம். அதுக்குத்தான உங்கள வரச் சொன்னோம்."

பிள்ளைகள் சாப்பிடும் அறையில் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஒரு முழ அகலத்துக்கு நிறம் மாறியிருந்தது. மழைச் சாரல் என்றார் டீச்சர். வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்றார். மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது.

பையைக் கீழே வைத்தேன். சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். கை நனைந்தது.

"முதல்ல பிளம்பருக்குப் போன் போடுங்கம்மா" என்றேன். "அவர் வர்றதுக்குள்ள நான் அட்டைக்கு நம்பர் எழுதிடறேன்."