ஓடுகிற கோப்புக்கு ஒரு காவல்

தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. ஓடுகிற இயந்திரத்தை விட்டு ஆள் நகரக் கூடாது. நல்ல விதிதான், இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் கோலா தெர்லா பக்கம் உள்ள எங்கள் எஸ்டேட்டின் மேனேஜர், முதுகுக்குப் பின்னால் நாங்கள் துரை என்று சொல்லும் மனிதர், அதை என் கணினிக்கும் பொருத்தினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

வேலை இதுதான். டிரோன் எடுத்த தேயிலைச் சரிவுகளின் படங்கள் எங்கள் ஆபீஸ் சர்வரில் குவிந்து கிடந்தன. அத்தனையையும் கோலாலம்பூர் தலைமையகத்து சர்வருக்கு அனுப்ப வேண்டும். என் மனைவியோ நிறைமாதமாக ஈப்போவில், தாய்வீட்டில் இருந்தாள். எங்களுக்கு முதல் பிள்ளை. லீவு கேட்டேன்.

“படம் போய்ச் சேரட்டும், நீயும் போலாம்” என்றார் துரை.

முதலில் சுருக்கி அனுப்பு என்றார். இந்தப் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை, இனிமேல் சுருங்காது என்றேன். கேட்டால்தானே! நாள் முழுக்கச் சுருக்கினேன். கோப்பு கிட்டத்தட்ட பழைய பருமனிலேயே வந்து நின்றது.

“அஞ்சு கிலோ கொழுந்து போட்டா ஒரு கிலோ தூள் வருது. உன் மெஷின் பொழுதுக்கும் ஓடி என்னப்பா பண்ணுச்சு?”

“இது தூளேதான் ஐயா. தூளை மறுபடி காயவெச்சா என்ன ஆகும்?”

யோசித்தார். “கருகிடும்.” அந்த வாரத்தில் நாங்கள் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான்.

அப்படியே அனுப்பத் தொடங்கினேன். மழை வந்தால் எங்கள் மலையில் இணைய லைன் அறுந்துவிடும். அறுந்தால் முதலிலிருந்து போகாமல், விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடரும்படி அமைத்திருந்தேன். போய்ச் சேர்ந்த படம் மறுபடி போகாது. ஆகவே யாரும் காவல் இருக்கத் தேவையில்லை என்று பொறுமையாகச் சொன்னேன்.

“இப்ப ஓடுதா?”

“ஓடுது ஐயா.”

“ஓடுறத விட்டுட்டுப் போகக்கூடாது லா.”

சொன்னதோடு நிற்கவில்லை. கணினிக்கு மேலே தொழிற்சாலையின் எச்சரிக்கைப் பலகை ஏறியது. என் கழுத்தில் ஆபத்துக்கு ஊதும் விசில் தொங்கியது. நான் சாப்பிடப் போனால் கங்காணி பூட்ஸ் காலோடு வந்து, விசிலை வாங்கி மாட்டிக்கொண்டு, திரையில் ஏறும் சதவீத நம்பரை முறைத்தபடி நிற்பார். ஒருநாள் மழையில் லைன் அறுந்து நம்பர் நின்றுவிட்டது. அவர் விசிலை ஊதிவிட்டார். அவ்வளவுதான், தொழிற்சாலையில் எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். நான் சோற்றுக் கையோடு ஓடிவந்தேன்.

“நம்பரு நின்னுடுச்சு, அதான் ஊதினேன்” என்றார். அதற்குள் நம்பர் தானாக நகர ஆரம்பித்திருந்தது.

மறுநாள் போன் அதிர்ந்தது. மனைவியின் தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். ‘மாமா, பொண்ணு!’ பார்த்தால் துணிச்சுருளுக்குள் ஒரே மங்கல். கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. போன் படத்தை நசுக்கி அனுப்பியிருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவளைக் கூப்பிட்டு, “சுருக்காம அனுப்பு! சுருக்காம அனுப்பு!” என்று கத்தினேன்.

சத்தம் கேட்டுத் துரை வந்தார். போனை வாங்கி எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“யாரு இது?”

“என் மக.”

“மூஞ்சியே தெரியலையே.”

“இங்க உக்காந்து பார்த்தா இவ்வளவுதான் ஐயா தெரியும்.”

அவர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். “கெளம்பு. மெஷினுக்கு நான் இருக்கேன்.”

வழி நெடுக ஒரு காய்கறி லோரி முன்னால் போய்க்கொண்டு வழிவிட மறுத்தது. அதைத் திட்டிக்கொண்டே ஈப்போ போய்ச் சேர்ந்தேன். மகளைக் கையில் வாங்கினேன். கண் இமையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அப்போது போன் அடித்தது. துரைதான்.

“தம்பி, நூறுன்னு காட்டுது. நான் எந்திரிக்கலாமா?”

“முடிஞ்சிருச்சு ஐயா. எந்திரிங்க.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“நீ எந்திரிக்காத லா. அங்கேயே இரு.”