கண்டகாயில் ஐம்பத்தைந்து நிமிடம்

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கு மின்சாரக் காரில் போவது எப்படி என்று இந்தப் பக்கத்தில் இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்றும் உற்சாகமான பதிவுகள். அவற்றைப் படித்துவிட்டுக் கார் வாங்கியதாகவும் சிலர் எழுதியிருந்தீர்கள். ஏழாவது தடவையாக அதே பாதையில் போனேன், இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று. அதை எழுதாமல் விட்டால் முந்தைய மூன்று பதிவுகளும் பொய்யாகிவிடும்.

போன காரணம் என் அண்ணா. பெயர் ஜெறோம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், மெல்பேர்னில், மல்கிரேவில் குடும்பத்தோடு இருந்தார். கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஈஸ்டருக்குச் சனிக்கிழமை போவதாகத் திட்டமிட்டிருந்தோம். வியாழன் காலை ஆறு ஐந்துக்கு அண்ணாவின் மனைவி லூர்து மச்சாள் மருத்துவமனையிலிருந்து போன் எடுத்தார்.

"தம்பி, இண்டைக்கே வாங்கோ. நாளை வரைக்கும் தாங்குவார் எண்டு டொக்டர் சொல்லேல்லை."

விமானத்தில் பார்த்தேன். நீண்ட விடுமுறை என்பதால் மாலை ஆறே முக்காலுக்கு முன் ஓர் இடமும் இல்லை. சிட்னி மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று என்னுடையது. மற்றது மனைவி ஜெனியின் பழைய ஹைபிரிட் கார். முதல் நாள்தான் பெட்ரோல் நிரப்பியிருந்தார்.

"என்ர காரைக் கொண்டு போங்கோ. டாங்க் ஃபுல். எங்கயும் நிக்கத் தேவையில்லை" என்றார் ஜெனி.

"உம்மட காரில போறதெண்டால் நாளைக்குத்தான் போய்ச் சேருவன்" என்று சொல்லிவிட்டு என்னுடைய காரில் ஏறினேன். அந்த நேரத்திலும் அப்படி ஒரு பேச்சு வாயில் வந்தது. ஜெனிக்கு அன்று வேலை. மறுநாள் தன் காரில் வருவதாகச் சொன்னார்.

என்னுடைய காரைப் பற்றிப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்று விநாடி சொச்சத்தில் எட்டும் வகை. நான்கு வருடம் ஏழு மாதம் வைத்திருக்கிறேன், தொண்ணூற்றாறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டயர் மூன்று செட் மாற்றியாயிற்று. இந்தக் கார் டயரைத் தின்னும். முன் சஸ்பென்ஷனில் ஒரு பாகம் மாற்றினேன். பேட்டரி பன்னிரண்டு சதவீதம் தேய்ந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் ஓடினால் முழுச் சார்ஜில் முந்நூற்று எண்பது கிலோமீட்டர் கிடைக்கும். பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எப்போதும் எழுபது சதவீதத்துக்கு மேல் வீட்டில் ஏற்றுவதில்லை. அன்று காலை அறுபத்து நான்கு சதவீதம் இருந்தது.

வாங்கிய புதிதில் இதை அண்ணாவுக்குக் காட்டத்தான் மெல்பேர்னுக்கு முதல் பயணம் போனேன். ஒரு காலியான தொழிற்பேட்டைத் தெருவில் அவரைப் பக்கத்தில் இருத்தி ஒரே அழுத்தாக அழுத்தினேன். தெரு முடிவில் அவர் கதவைத் திறந்து வாந்தி எடுத்தார். நான் பயந்துபோனேன். அவர் வாயைத் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா விடு" என்றார்.

காலை 6.50க்குப் புறப்பட்டேன். முதல் நிறுத்தம் கோல்பர்ன், நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர். விடுமுறைக் கூட்டத்தில் அதற்கே ஒரு மணி ஐம்பது நிமிடம் பிடித்தது. சார்ஜருக்கு முன்னால் இரண்டு கார்கள் நின்றன. பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன், இருபத்தெட்டு நிமிடம் சார்ஜ், இருபத்தொன்பது டாலர் எழுபது சதம். 9.20க்கு மறுபடி சாலையில். அதுவரை பெரிய கவலை இல்லை. நான்கரைக்குள் போய்விடலாம் என்று மனதில் கணக்கு ஓடியது.

அடுத்த நிறுத்தமான கண்டகாய்க்கு 11.10க்கு வந்தேன், முப்பது சதவீதத்தோடு. ஆறு சார்ஜர்களில் இரண்டு வேலை செய்யவில்லை. வரிசையில் ஏழு கார்கள். அடுத்த ஊர் வரை போகலாம் என்றால் செயலியில் அங்கேயும் எல்லாம் சிவப்பு, ஒன்றும் காலியில்லை. நின்றேன்.

எனக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், பெயர் செந்தில், மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் மெல்பேர்னில் நண்பர் வீட்டுக்குப் போகிறார். என் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"தமிழுங்களா? இது அந்த மூணு செகண்ட் வண்டி தானுங்களே? நாலு வருஷம் ஓட்டியாச்சுங்களா? எப்படிங்க இருக்குது?"

நான் காரை விட்டு இறங்கினேன். இறங்கி, நான்கு வருடக் கதை முழுவதையும் சொன்னேன். டயர், சஸ்பென்ஷன், பேட்டரித் தேய்மானம், எழுபது சதவீத விதி. கையை ஆட்டி, சிரித்துச் சிரித்துப் பேசினேன். இருபது நிமிடம் இருக்கும். அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வரிசையை முந்தக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று கூச்சமா, அல்லது அந்த இருபது நிமிடமும் நான் அதை மறந்தேனா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

11.50க்கு போன் அடித்தது. அண்ணாவின் மகள் ஷெரின். பெரிய பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"சித்தப்பா, அப்பா வாண்ட்ஸ் டு டாக். ஹோல்ட் ஆன்."

மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அண்ணாவின் குரல், மெல்லிய குரல். ஆனால் தெளிவாக இருந்தது.

"எங்க நிக்கிறாய்?"

எனக்கு முன்னால் அப்போது இரண்டு கார்கள். அல்பரி இன்னும் நூற்று எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

"அல்பரி தாண்டிட்டன் அண்ணா."

"ஆ... அப்ப நாலு மணிக்குள்ள வந்திடுவாய்."

"ஓம், வந்திடுவன்."

"சரி. ஆறுதலா வா. வேகமா ஓடாத."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் செந்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அல்பரி தாண்டிட்டேன்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "அண்ணனுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, வந்ததுமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? எல்லாரும் விட்டிருப்பாங்களே! நான் பாட்டுக்கு டயரைப் பத்திக் கேட்டுட்டு நின்னேனே!"

அவர் முன்னால் இருந்த காருக்கு ஓடினார். கண்ணாடியைத் தட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதிலிருந்த வெள்ளைக்காரப் பெண் உடனே தன் காரை ஓரமாக எடுத்தார். எல்லோரும் வழிவிட்டாலும் சார்ஜர் ஒன்று காலியாக வேண்டுமே. 12.05க்குத்தான் எனக்கு ஒன்று கிடைத்தது. வந்து ஐம்பத்தைந்து நிமிடம். செந்திலின் மனைவி ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட முடியவில்லை, வாங்கி இருக்கையில் வைத்தேன்.

எனக்குப் பின்னால் காத்திருந்தவர்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எழுபத்தைந்து சதவீதத்தில் கழற்றினேன். இருபத்தைந்து நிமிடம், இருபத்து மூன்று டாலர்.

பாதியில் கழற்றியது இன்னொரு தவறு. அல்பரியில் எல்லாச் சார்ஜரும் நிறைந்திருப்பதாகச் செயலி காட்டியது. அதற்கும் அப்பால் வங்கராட்டா வரை, அதாவது கண்டகாயிலிருந்து இருநூற்று ஐம்பது கிலோமீட்டர், போயாக வேண்டும். எதிர்க்காற்று வேறு. நூற்றுப்பத்தில் போனால் எட்டாது என்று திரை காட்டியது. குளிர்சாதனத்தை நிறுத்தினேன், வேகத்தை நூறுக்குக் குறைத்தேன். இடது ஓரமாக ஓட்டினேன். லொறிகள் முந்திப் போயின. படகை இழுத்துக்கொண்டு போன ஒரு பழைய வண்டியும் முந்திப் போனது. கால் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அவர்கள் எல்லோரும் கண்ணாடியில் புள்ளியாகிவிடுவார்கள். அழுத்த முடியாது. வியர்வையில் சட்டை இருக்கையோடு ஒட்டியிருந்தது. அண்ணா நான்கு மணி என்று சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

வங்கராட்டாவில் 3.10. பன்னிரண்டு சதவீதம் மிச்சம். காலியாக இருந்த ஒரே சார்ஜர் சொல்லப்பட்ட வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தந்தது. வேறு இடத்துக்குப் போகும் அளவுக்குச் சார்ஜும் இல்லை, பொறுமையும் இல்லை. உதவி எண்ணுக்கு எடுத்தேன். ஒரு பெண் மிகவும் அன்பாக, "அது அப்படித்தான் இன்று இயங்குகிறது" என்றார். ஒரு மணி ஐந்து நிமிடம், முப்பத்திரண்டு டாலர் நாற்பது சதம். நான்கு மணி அந்த இடத்தில்தான் கடந்தது. நான்கு ஐந்துக்கு ஷெரின், இன்னும் எவ்வளவு நேரம் என்று செய்தி அனுப்பினாள். "சார்ஜ் முடியுது, வெளிக்கிடுறன்" என்று பதில் போட்டேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை.

மாலை ஏழு மணிக்கு மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் நுழைந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வாசல் தூணருகே ஷெரின் தனியாக நின்றாள். என் காரைக் கண்டதும் ஓடிவரவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"சித்தப்பா... ஃபைவ் ஃபிஃப்டி. வீ டிட்ன்ட் வாண்ட் டு டெல் யூ வைல் யூ வேர் ட்ரைவிங்."

உள்ளே அண்ணா முகம் கழுவிவிட்டதுபோல் படுத்திருந்தார். கையைப் பிடித்தேன். முழுவதும் குளிர்ந்திருக்கவில்லை. எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அந்தப் பயணத்தில் நான் நேரம் பார்க்காத ஒரே இடம் அது.

மறுநாள் பெரிய வெள்ளி. ஜெனி காலை ஏழுக்கு மெரிலேண்ட்ஸில் புறப்பட்டு, மாலை நான்கு இருபதுக்கு மல்கிரேவ் வீட்டு வாசலில் வந்து நின்றார். வழியில் கழிவறைக்கு மட்டும் இரண்டு முறை நிறுத்தியதாகச் சொன்னார். பைகளை இறக்கும் சாட்டில் அவர் காருக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் முள் கடைசிக் கோட்டுக்கு மேலே நின்றது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெரின்தான் முந்திய நாள் பகல் நடந்ததைச் சொன்னாள். மதியத்திலிருந்து அண்ணாவுக்கு வலி கூடியிருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டலாம், ஆனால் ஆழ்ந்த நித்திரையாகிவிடுவீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அண்ணா வேண்டாம் என்றிருக்கிறார். "என்ர தம்பி நாலு மணிக்கு வந்திடுவான். அவனைக் கண்டாப் பிறகு போடுங்கோ." நான்கு மணிக்கும் வேண்டாம், நான்கரைக்கும் வேண்டாம். நாலே முக்காலுக்குத்தான் தலையை ஆட்டியிருக்கிறார். பிறகு விழிக்கவில்லை.

நான் எழுந்து வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். அது ஒரு சத்தமும் இல்லாமல் விளக்குகளைப் போட்டு என்னை வரவேற்றது.

ஈஸ்டர் முடியும் வரை அடக்கத் திருப்பலி வைக்க முடியாது என்பதால் புதன்கிழமைதான் அண்ணாவை அடக்கம் செய்தோம். அந்த ஐந்து நாளும் நான் கண்டகாயைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம், "பாவம், சிட்னியில இருந்து ஓடி வந்தும் சந்திக்கக் கிடைக்கேல்லை" என்றார்கள். தலையை ஆட்டினேன்.

புதன் மாலை எல்லோரும் போன பிறகு மச்சாள் குசினியில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்து சொன்னேன்.

"மச்சாள், அண்டைக்கு அண்ணா கேக்கேக்க நான் அல்பரியில நிக்கேல்லை. கண்டகாயில நிண்டனான். பொய் சொன்னனான்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"கிறிஸ்மஸுக்கு வரேக்க நீங்கள் இருக்கிற இடத்தை ஷெரினுக்குப் போனில அனுப்பினனீங்கள். பிறகு அதை நிப்பாட்டேல்லை. அவள் காலமையில இருந்து உங்களைப் பாத்துக்கொண்டுதான் இருந்தவள்." ஒரு கோப்பையைத் தட்டில் வைத்தார். "அவர் ரெண்டு மணிக்கு, இப்ப எங்க நிப்பான் எண்டு கேட்டவர். நான் யூரோவா தாண்டிட்டான் எண்டு சொன்னன். மூண்டு மணிக்கு, கிட்ட வந்திட்டான் எண்டு சொன்னன்."

யூரோவா வங்கராட்டாவுக்கும் அப்பால் இருக்கிறது. இரண்டு மணிக்கு நான் இன்னும் அல்பரியைக்கூடச் சரியாகத் தாண்டியிருக்க மாட்டேன்.

"உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அப்பவே ஊசியைப் போட விட்டிருப்பார்" என்றார் மச்சாள். அதன் பிறகுதான் அவர் கை நின்றது. நானும் எழுந்து ஒரு துணியை எடுத்து மிச்சக் கோப்பைகளைத் துடைத்தேன்.

காரை விற்கவில்லை. ஜெனி கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தினமும் வேலைக்கு அதில்தான் போகிறேன். நல்ல கார், முந்தைய பதிவுகளில் சொன்ன எதையும் அந்த வகையில் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எழுபது சதவீத விதியை விட்டுவிட்டேன். இப்போது யாராவது நோயாக இருக்கிறார் என்று தெரிந்தால் நூறு வரை ஏற்றி வைக்கிறேன். பேட்டரி தேய்ந்தால் தேயட்டும்.

இதே பாதையில் போக இருப்பவர்களுக்கு: நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் பயண நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சார்ஜர் அதிகமுள்ள ஊர்களில் மட்டும் நிறுத்துங்கள். பின்னால் நிற்பவர்களுக்கு வெட்கப்பட்டுப் பாதியில் கழற்றாதீர்கள். அவசரம் என்றால் வரிசையில் முதலில் கண்ணில் படுகிறவரிடம் அதைச் சொல்லுங்கள், காரைப் பற்றிப் பேசுவதற்கு முன். வீட்டில் பெட்ரோல் கார் ஒன்று நின்றால், அதை எடுத்துப்போ என்று ஒருவர் சொன்னால், சாவியை வாங்குங்கள்.

காத்திருக்கிறவர் போனில் எங்கே நிற்கிறாய் என்று கேட்டால், நிற்கிற ஊரின் பெயரைச் சொல்லுங்கள்.